கலவன்

நர்சரி,
பிப்ரவரி 3

அன்புள்ள பொட்டலம்,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், அங்கே உன்னை எரிச்சல்படுத்த ஆள் இல்லையே. போனில் பேசினால் நான் பாதியிலேயே வைத்துவிடுகிறேனாம், அதனால் எதுவானாலும் எழுதுங்கள் என்று கண்டிஷன் போட்டுவிட்டுப் போனாய். இதோ எழுதுகிறேன். நகரத்துக்கு நாற்று ஏற்றி வரும் நம் வேன்காரர்தான் தபால்காரர். கவரை வாங்கும்போதே அவருக்கு ஒரே சிரிப்பு. "என்ன சார், இந்த வயசுல லவ் லெட்டரா?" என்றார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். அவரிடம் வேறு என்ன சொல்ல முடியும்?

விஷயம் இதுதான். நம் வெள்ளை வாய்ப்பூவில் கலவன் வந்துவிட்டது.

ஒன்றிரண்டு செடி வகை மாறி நின்றால் வழக்கம்போலப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். இது வரிசை வரிசையாக வந்திருக்கிறது. காலையில் பசுமைக் குடிலுக்குள் நுழைந்தால் வெள்ளைக்கு நடுவே சிவப்பு எட்டிப் பார்க்கிறது. வாய்ப்பூ வளர்க்கத் தொடங்கிய நாளாக இப்படி ஒரு அசிங்கத்தை நான் பார்த்ததில்லை. விதைக் கம்பெனி இன்ஸ்பெக்டர் நேற்று வந்தார். குனிந்து ஒரு பூவை இரண்டு விரலால் அழுத்தி, அது வாயைத் திறந்து மூடுவதைக் குழந்தை மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டே, "விதைய யார் சார் கையாண்டது?" என்று கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது.

இந்த வெள்ளை எப்படி வந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிவப்புப் பாத்தியில் தனியாக நின்ற ஒரே ஒரு வெள்ளைச் செடியை நான் பிடுங்கப் போனேன். நீதான் குறுக்கே விழுந்து தடுத்தாய். அதிலிருந்து விதை எடுத்து, வருஷா வருஷம் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து, இன்றைக்குக் கம்பெனியின் வகைப் பட்டியல் புத்தகத்தில் நமக்கென்று இருக்கும் ஒரே வகை அது. அதுவும் போய்விட்டால் நான் ஊராருக்கு நாற்று வளர்த்துக் கொடுக்கும் ஆள், அவ்வளவுதான்.

அதனால் கேட்கிறேன், கோபப்படாதே. கடைசியாக விதையைச் சலித்துப் பொட்டலம் கட்டியது நீ. கூலிங் மெஷின் வேண்டாம் வேண்டாம் என்று சண்டை போட்டவளும் நீ. நான் ஆட்கள் முன்னால் "இங்க முடிவு எடுக்கிறது நான்" என்று சொன்னதும், மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். அன்றைக்கு இருந்த கோபத்தில் சிவப்பு விதை டப்பாவில் கை வைத்தாயா? ஆமாம் என்றாலும் திட்ட மாட்டேன். நெஞ்சில் கை வைத்துப் பதில் எழுது.

உன்,
முசுடு


மகளிர் விடுதி,
பிப்ரவரி 6

என்னங்க,

வேன்காரர் கீழே நின்று ஹாரன் அடித்தார். என்னவோ ஏதோ என்று படியில் இறங்கி ஓடினேன். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடுதான் படிக்க ஆரம்பித்தேன் என்பது உங்களுக்குத் தெரியட்டும்.

நான் கை வைக்கவில்லை.

நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று மறந்தே போய்விட்டீர்களா? விதைப் பரிசோதனைக் கூடம். ஒரு விதை மாதிரியைத் தொட்டுவிட்டு அடுத்ததைத் தொடுவதற்கு முன்னால் கையைக் கழுவுகிறேன், மேஜையைத் துடைக்கிறேன், தட்டை மாற்றுகிறேன். ஒரு விதை தவறி அந்தப் பக்கம் விழுந்தால் அன்றைய வேலை முழுக்கக் குப்பைக்குப் போகும். ஈரத்தாளில் விதையை அடுக்கிவைத்துவிட்டு முளைக்குக் காத்திருக்கிறவளிடம், நீ கலந்தாயா என்று வாய் கூசாமல் கேட்கிறீர்கள். எனக்குக் கோபம் உங்கள் மேல்தான். வெள்ளை எனக்கு என்ன கெடுதல் செய்தது?

சரி, அழுது முடித்துவிட்டேன். அறையில் கூட இருக்கும் நர்ஸ் டூட்டி முடித்து வந்து தூங்குகிறாள், அதனால் சத்தம் போடாமல் அழ வேண்டியிருந்தது. இனி வேலையைப் பார்ப்போம். நீங்கள் எழுதியதை வைத்து ஒன்றும் புரியவில்லை. முழுச் செடியும் சிவப்பாகப் பூக்கிறதா, இல்லை வெள்ளைச் செடியிலேயே அங்கங்கே சிவப்பா? யாராவது விதையைக் கலந்திருந்தால் சிவப்பு விதையிலிருந்து வந்த செடி மேலிருந்து கீழ் வரைக்கும் சிவப்பாகத்தான் பூக்கும். அப்புறம், குடில் முழுக்கப் பரவலாக இருக்கிறதா, ஒரு பக்கமாக இருக்கிறதா?

தயவுசெய்து எதையும் பிடுங்காதீர்கள். கலவனைக் கண்டதும் உங்கள் கை தானாகப் போகும், எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை கையைக் கட்டிக்கொண்டு கண்ணால் மட்டும் பாருங்கள். சிவப்பு தெரிகிற கிளை ஒன்றை ஈரத்துணியில் சுற்றி வேன்காரரிடம் கொடுத்து அனுப்புங்கள். எங்கள் கூடத்து மேடத்திடம் காட்டுகிறேன். பிரஷர் மாத்திரை அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. தேடுகிற சாக்கில் போடாமல் விட்டுவிடாதீர்கள்.

பொட்டலம்


நர்சரி,
பிப்ரவரி 9

அன்புள்ள பொட்டலம்,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே இரண்டு வரிசையைப் பிடுங்கிவிட்டேன். மிச்சத்தைத் தொடவில்லை, சத்தியம்.

நீ சொன்ன மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு செடியாகப் பார்த்தேன். தண்ணீர் விடுகிற அக்கா, நான் ஏதோ குற்றவாளிகளை வரிசையில் நிறுத்தி அடையாளம் பார்க்கிறேன் என்று நினைத்தார். முழுச் சிவப்புச் செடி ஒன்றுகூட இல்லை. எல்லாம் வெள்ளைச் செடிதான். ஒரு கிளையில் பூ சுத்த வெள்ளை, பக்கத்துக் கிளையில் பூவெல்லாம் கோடு கோடாகச் சிவப்பு. இன்னொன்றில் ஒரே பூவில் மேல் உதடு வெள்ளை, கீழ் உதடு சிவப்பு. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், அவசரத்துல பாதி லிப்ஸ்டிக் போட்ட மாதிரி இருக்கு" என்றார். சிரிக்க வேண்டும் போல இருந்தது, முடியவில்லை.

எந்தப் பக்கம் என்று கேட்டாய். மெஷின் வைத்திருக்கிற கூலிங் சுவர்ப் பக்கம்தான் அதிகம். வாசல் பக்கம் வர வரக் குறைகிறது. வாசலை ஒட்டி நிற்கும் செடிகள் பழையபடி பளிச்சென்று இருக்கின்றன. அந்த மெஷினுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியவில்லை. கிளையை அனுப்பியிருக்கிறேன், வாடுவதற்குள் காட்டு.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்ஸ்பெக்டர் முந்தாநாள் திரும்ப வந்தார். "ஆள் பண்ண தப்புன்னா பரவால்ல சார், சுத்தமான விதை போட்டு மறுபடி வளர்க்கலாம். வகையே கெட்டுப்போயிருந்தா புத்தகத்துலேருந்தே தூக்கிடுவாங்க" என்றார். நான் "வீட்டுக்குள்ளயே சின்ன மனஸ்தாபம் சார், அதுல விதை மாறியிருக்கும்" என்று சொல்லிவிட்டேன். பெயர் சொல்லவில்லை. இருபத்தொன்றாம் தேதி மேனேஜரோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்போது யார் என்று சொல்ல வேண்டுமாம்.

உன்,
முசுடு


மகளிர் விடுதி,
பிப்ரவரி 15

என்னங்க,

இதைப் பொறுமையாகப் படியுங்கள். போனை வைப்பது போல மடித்து வைக்காதீர்கள்.

கிளையை மேடத்தின் மேஜையில் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, அந்தப் பாதிச் சிவப்புப் பூவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கலவன் இல்லம்மா. இது குதிக்கிற ஜீன்" என்றார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். செடியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அது எப்படி வளர வேண்டும் என்ற செய்தி முழுக்க எழுதி வைத்திருக்கிறது. அதில் சிவப்புச் சாயம் செய்யச் சொல்லி ஒரு பத்தி. என்றைக்கோ ஒரு நாள், அதே செய்திக்குள் வேறு எங்கிருந்தோ ஒரு துண்டு கிளம்பி வந்து அந்தப் பத்தியின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. சம்பந்தமில்லாத நாலு பக்கத்தை நடுவில் செருகிவிட்டால் யாரால் படிக்க முடியும்? செடியாலும் முடியவில்லை. சாயம் இல்லை, பூ வெள்ளை. அன்றைக்கு நான் காப்பாற்றிய செடி அதுதான்.

இந்தத் துண்டுகளுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடும். மொட்டு உருவாகும்போது ஒரு செல்லில் அது கழன்று போனால், அந்தச் செல்லிலிருந்து வளரும் இதழ்ப் பகுதி மறுபடி சிவப்பாகிவிடும். சீக்கிரமே கழன்றால் பாதிப் பூ, கடைசியில் கழன்றால் ஒரு புள்ளி. மேடம் வெள்ளைப் பகுதியையும் சிவப்புப் பகுதியையும் தனித்தனியாக வெட்டிப் பரிசோதித்தார். வெள்ளையில் அந்தப் பத்தி நீளமாக இருக்கிறது, சிவப்பில் துண்டு கழன்று குட்டையாகிவிட்டது. நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். மனுஷ உடம்பிலும் இப்படித் துண்டுகள் ஏராளமாம், முக்கால்வாசி நகர முடியாமல் கிடக்கின்றனவாம். உங்களை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. வாய்ப்பூவில் இருக்கிற இந்தத் துண்டு சூட்டில் அடங்கிக் கிடக்கும், குளிர்ந்தால் கிளம்பும். அதனால்தான் கூலிங் சுவர்ப் பக்கம். மெஷின் வேண்டாம் என்று நான் சொன்னபோது இதெல்லாம் தெரிந்து சொல்லவில்லை. செடி நடுங்குமே என்றுதான் சொன்னேன்.

இனி கஷ்டமான பகுதி. நம் வெள்ளை, வெள்ளையே இல்லை. வாயடைத்துக் கிடந்த சிவப்பு. வாங்கிப் போகிறவர் குளிரான இடத்தில் நட்டால் அங்கேயும் கோடு விழும். இன்ஸ்பெக்டர் சொன்னபடி பார்த்தால் இதைப் புத்தகத்திலிருந்து எடுக்கத்தான் வேண்டும். இதை எழுத எனக்கு மனசே வரவில்லை. உங்களைவிட அதிகமாக நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

பெயர் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டுக்குள் நம் இரண்டு பேரைத் தவிர யார் இருந்தார்கள்? நான் சொல்லாமலே நீங்கள் திருத்திவிடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

பொட்டலம்


நர்சரி,
பிப்ரவரி 17

அன்புள்ள பொட்டலம்,

மூன்று தடவை படித்தேன். நம்புகிறேன். முழுசாக நம்புகிறேன். உன் மேல் தப்பு இல்லை. மெஷினை நிறுத்திவிட்டேன். நீ ஜெயித்துவிட்டாய், சந்தோஷமா?

இப்போது நான் சொல்வதைக் கேள். மெஷின் இல்லாமல் சூட்டிலேயே வளர்த்தால் துண்டு அடங்கிக் கிடக்கும் என்று நீயே எழுதியிருக்கிறாய். இத்தனை வருஷம் அப்படித்தானே கிடந்தது? யாராவது ஒரு குறை சொன்னார்களா? இன்ஸ்பெக்டருக்கு வேண்டியது ஒரு காரணம். விதை சலிக்கும்போது கை தவறிவிட்டது என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் முடிந்தது. வேண்டுமென்றே செய்தாய் என்று யாரும் சொல்லப் போவதில்லை. கை தவறாத மனுஷர் யார்? புது விதை போடுவோம், வெள்ளை பிழைக்கும்.

உன் வேலைக்கு ஆபத்து வரும் என்று யோசிப்பாய். வரட்டுமே. அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடு. உன் மேஜை, உன் சல்லடை எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. நீ இல்லாமல் குடில் குடிலாகவே இல்லை. இதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். நம் இரண்டு பேருக்கும் உண்மை தெரியும், அது போதாதா?

உன்,
முசுடு


மகளிர் விடுதி,
பிப்ரவரி 19

என்னங்க,

போதாது.

உங்கள் இன்ஸ்பெக்டர் எங்கள் கூடத்துக்குப் போன் செய்திருக்கிறார். அந்த நர்சரிக்காரருடைய வீட்டம்மா உங்களிடம்தான் வேலை பார்க்கிறாரா என்று கேட்டாராம். மேடம் என்னைக் கூப்பிட்டு, "இது முடியற வரைக்கும் மாதிரிய தொட வேண்டாம்மா. எனக்கு உன்மேல சந்தேகம் இல்ல, பரிசோதனை பண்ணதே நான்தான். ஆனா விதையக் கலந்தவங்கன்னு ஒருத்தர்மேல பேச்சு வந்துட்டா, அவங்க கைபட்ட தட்டை வெளிய யாரும் நம்ப மாட்டாங்க" என்றார். என் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, இரண்டு நாளாகக் கண்ணாடிக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து மேஜைக்காரி பேசுவதை நிறுத்திவிட்டாள்.

தானே கம்பெனிக்குப் போன் செய்து விளக்குவதாக மேடம் சொன்னார். நான்தான் வேண்டாம், இருபத்தொன்று வரை பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். மேடம் சொன்னால் என் வேலை பிழைக்கும். ஆனால் என்னைச் சொன்னது நீங்கள், அதனால் நீங்கள்தான் மாற்றிச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் அங்கே வர மாட்டேன். என் முகத்தைப் பார்த்து நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். மேனேஜர் கேட்கும்போது உங்கள் வாயில் என்ன வருகிறதோ அது வரட்டும். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருவதைப் பற்றிப் பேசுவோம்.

இப்படிக்கு,
பொட்டலம்


நர்சரி,
பிப்ரவரி 22

அன்புள்ள பொட்டலம்,

சொல்லிவிட்டேன்.

காலையிலேயே இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். மேனேஜர் பேனாவை எடுத்துக்கொண்டு, "பேரச் சொல்லுங்க சார், முடிச்சிடலாம்" என்றார். அப்போதும் என் மனசு இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டுதான் இருந்தது, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பிறகு அவர்களைக் கூலிங் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கிளையை வளைத்துக் காட்டினேன். "மேல் உதடு வெள்ளை, கீழ் உதடு சிவப்பு. இத எந்தக் கை சார் கலக்க முடியும்? என் வீட்டுக்காரி மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் உங்ககிட்ட தப்பா சொல்லிட்டேன். இந்த வகையே இப்படித்தான்" என்றேன். துண்டு, பத்தி, குளிர் எல்லாவற்றையும் நீ எழுதியபடியே சொன்னேன். இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேனேஜர் அந்தப் பூவை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "வருத்தமா இருக்கு சார், நல்ல வெள்ளை" என்றார். புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எல்லாச் செடியையும் பிடுங்கிப் புதைக்க வேண்டும் என்று உத்தரவு. ஆட்களை விடவில்லை, நானே செய்தேன். பொட்டலம், என் கை நடுங்கிய நடுக்கத்தை எப்படி எழுதுவேன்? வாசல் பக்கத்துச் செடிகள் ஒரு குறையும் இல்லாமல் நின்றன. ஒன்றைப் பிடித்து இழுத்தால் வேர் விடமாட்டேன் என்கிறது. இன்னொரு செடியின் பூ என் விரல் பட்டு வாயைத் திறந்தது. அதற்கு மேல் முடியாமல் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா வந்து தண்ணீர் கொடுத்தார், டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மறுபடி எழுந்து, மறுபடி உட்கார்ந்து, சாயங்காலம் வரை ஆயிற்று. பெற்ற பிள்ளையைப் புதைப்பது போல என்று சொன்னால் நீ மட்டும்தான் சிரிக்க மாட்டாய். இதை எழுதும்போதும் பேனா ஆடுகிறது, கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

எனக்கு இனி நீதான் மிச்சம். வந்துவிடு. வேன்காரரிடம் சொல்லிவிட்டேன், திரும்பும்போது முன் சீட்டைக் காலியாக வைத்திருப்பார்.

உன்,
முசுடு


மகளிர் விடுதி,
மார்ச் 1

என்னங்க,

நீங்கள் உண்மையைச் சொன்னது சின்ன விஷயம் இல்லை. வெள்ளையைப் பறிகொடுத்துத்தான் அதைச் சொன்னீர்கள், அது எனக்குத் தெரியும். கம்பெனியிலிருந்து மேடத்துக்குப் போன் வந்தது. அவரே ஆணியிலிருந்து என் கோட்டை எடுத்து வந்து கொடுத்தார். இன்று காலை சோதனைக்கு வந்த தக்காளி விதையை ஈரத்தாளில் அடுக்கினேன். பக்கத்து மேஜைக்காரி தானாக வந்து பேசினாள்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே பெட்டியை எடுத்துப் பாதி அடுக்கிவிட்டேன். நர்ஸ்கூட "அப்பாடா, அலமாரி முழுக்க எனக்குத்தான்" என்று கேலி செய்தாள். சீப்பு, புடவை எல்லாம் வைத்தாயிற்று. உங்கள் கடிதங்களையும் பெட்டியில் வைக்கலாம் என்று எடுத்தேன், எடுத்ததும் முதலிலிருந்து வரிசையாக ஒரு தடவை படித்தேன். பிறகு அடுக்கியதையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டேன்.

செடியைப் பரிசோதித்த முடிவு வந்த பிறகுதான் என்னை நம்பினீர்கள். அதில் உங்களுக்கும் இன்ஸ்பெக்டருக்கும் என்ன வித்தியாசம் என்று முதலில் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைக்கூட நான் விழுங்கிவிடுவேன், இதற்கு முன்னாலும் விழுங்கியிருக்கிறேன். நம்பிய பிறகும் என் தலையில் போடப் பார்த்தீர்களே, அதைத்தான் என்னால் தாண்டி வர முடியவில்லை. நான் வரவில்லை. முன் சீட்டில் நாற்றுத் தட்டை வைத்துக்கொள்ளுங்கள் என்று வேன்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

வெள்ளையைப் பிடுங்கும்போது கை நடுங்கியது என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது எனக்கும் நடுங்கியது. ஆனால் இன்ஸ்பெக்டரிடம் என்னைக் கைகாட்டியதை எழுதிய கடிதத்தையும், பழியை ஏற்றுக்கொள் என்று கேட்ட கடிதத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் எழுத்து வரிசை தப்பாமல் அழகாக இருக்கிறது.

இப்படிக்கு,
நான்